வெயிலில் வந்த வெள்ளம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். முதலில் இதைப் படித்து மூச்சு விடு. அம்மாவுக்கு இடது முழங்கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், எலும்பு முறியவில்லை. எனக்குக் காயம் ஒன்றுமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போனை அணைத்து வைத்துவிட்டாய். உன் அறை நண்பன்தான் என்னை அழைத்தான். நீ வேலைக்குப் போவதில்லை, சாப்பாட்டைத் தொடுவதில்லை, "நான்தானே கடை போடச் சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்றான். அதனால்தான் அவனிடம் முகவரி வாங்கி இதை எழுதுகிறேன். நீ யார் யாரிடமோ கேட்டதை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்தவன் சொல்வதைக் கேள்.

வழக்கம்போல் சனிக்கிழமை சாயங்காலம், வானிலை அறிக்கையைப் பார்த்து நீ அனுப்பும் செய்தி வந்தது. "நாளைக்கு மழை இல்லை. நல்ல வெயில். தைரியமா கடை போடுங்க." அம்மா அதை ஞாயிற்றுச் சந்தைக் கடை வரிசை முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளுக்கு டிவியில் சொல்வதெல்லாம் வானிலை இல்லை, நீ சொல்வதுதான் வானிலை. ஞாயிறு காலை நம் வண்டியிலிருந்து பிள்ளைகளின் உடுப்பு மூட்டைகளை இறக்கி, ஆற்று மணலில் வழக்கமான இடத்திலேயே கடை விரித்தோம். ஆறு எப்போதும்போல் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. பக்கத்துக் கடை குடைக்காரரை உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடம் போகும் காலத்தில் கம்பி ஒடிந்த உன் குடையைக் காசு வாங்காமல் சரிசெய்து தந்தவர். வெயிலுக்கும் குடை விற்கும் என்று சந்தோஷமாக இருந்தார்.

நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. தலைக்கு மேல் துளி மேகம் கிடையாது. தூரத்தில் மலைப் பக்கம் மட்டும் ஒரு வெள்ளை மேகம் கோபுரம்போல் எழும்பி நின்றது. பார்க்க அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அதன் அடியில் வானம் உடைந்து கொட்டிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், வண்டிச் சக்கரத்தில் காற்று குறைந்திருந்ததைப் பார்க்கக் கரைக்கு ஏறினேன். குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடித்தது. ஈரமண் வாசனை வந்தது. மழையே இல்லாமல் என்ன மண்வாசனை என்று திரும்பிப் பார்த்தேன். கனமான லாரிகள் வரிசையாக வருவதுபோல் ஒரு இரைச்சல். ஆற்று வளைவில் பழுப்பாக ஒரு சுவர் வந்தது. தண்ணீர் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று, மகனே. அதன் முகப்பில் மரங்களும் வேலிக்கட்டைகளும் உருண்டன. அத்தனையும் பளிச்சென்ற வெயிலில். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வெயில்தான் பயமாக இருக்கிறது.

கத்தினேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை. அம்மா துணி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். குடைக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "மூட்டைய விடும்மா, உசுரப் பாரு" என்று சொல்லிப் கரைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா மேல் படியில் விழுந்தாள். அவர் இரண்டு படி கீழே நின்றார். மிதந்து வந்த தள்ளுவண்டி ஒன்று அவர் இடுப்பில் மோதியது. "அவரு கை என் கையிலதான் இருந்துச்சு" என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்.

மறுநாள் அவர் உடலைப் பாலத்துக்கு அப்பால் கண்டெடுத்தார்கள். நம் கடைச் சின்னச் சின்னக் கவுன்கள் முள்மரங்களில் சிக்கிக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மையார் கரையைப் பார்க்க வந்தார். உங்கள் கணிப்பு தப்பிவிட்டதா என்று கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். நகரத்துக்கு மழையில்லை என்றோம், பெய்யவில்லையே என்றார். கொட்டியது மேலே மலையில். அங்கே எச்சரிக்கையும் கொடுத்திருந்தார்களாம். நீண்ட கோடையில் இறுகிப்போன தரை தண்ணீரைக் குடிக்காதாம், அப்படியே வழித்து ஆற்றில் தள்ளிவிடுமாம். "வானத்தப் பாத்தீங்க. ஆத்துக்குள்ள நிக்கிறவங்க ஆறு எங்கேருந்து வருதோ அந்த ஊரு வானத்தப் பாக்கணும். அத உங்களுக்கு வந்து சொல்லாதது எங்க பக்கத்துத் தப்பு" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

குடைக்காரர் வீட்டுக்குப் போக எனக்கும் அம்மாவுக்கும் கால் வரவில்லை. அவர் மனைவியே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். சமையலறை வாசலில் உட்கார்ந்தார். அம்மா சுவரைப் பார்த்தபடி, எங்கள் மகன்தான் மழையில்லை என்று சொன்னான், அதை நான்தான் எல்லாரிடமும் சொன்னேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கு உயிர் நின்றுவிட்டது. குடைக்காரர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"மழை வரும்னு அந்தப் புள்ள சொல்லியிருந்தா, எங்க வீட்டுக்காரர் மொதல் ஆளா வந்து கடை போட்டிருப்பாரு. குடை விக்கிற மனுஷன்தானே."

அம்மா ஓவென்று அழுதாள். அவரும் அழுதார். நான் அடுப்பைப் பற்ற வைத்துத் தண்ணீரைச் சுட வைத்தேன், எதற்கு என்று தெரியாமலே. போகும்போது, "தம்பிகிட்ட மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லுங்க" என்று வாசலில் நின்று சொன்னார். இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியாது. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

நகராட்சி இனி ஆற்றுக்குள் கடை போட விடப்போவதில்லை. கரைமேல் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். பார்ப்போம். அதை நினைத்து நீ கவலைப்படாதே.

என் கவலையெல்லாம் அம்மாதான். உனக்குத்தான் தெரியுமே, ஒரு நாள் யாரையாவது திட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் ஒருவரையும் திட்டவில்லை. நேற்று நான் பாலைப் பொங்கவிட்டு அடுப்பெல்லாம் வழியவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போனைத் திறந்து அவளைக் கூப்பிடு, ராஜா. இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று அவள் உன்னைத் திட்டட்டும். நீ பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிரு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும்.

உன்
அப்பா