மூன்று நிலத்துக்கு ஒரு மூலைக்கல்

மழை பொய்யாது, வரப்புக் கலையாது, மருதவெளி நாடு வாழ்க. அந்நாட்டை ஒரு குடைக்கீழ்க் காக்கும் கோமகனார் மாவெளியனாரின் திருவாய்மொழி கேட்டு, நிலவளவை அமைச்சன் ஓரியூர் அழிசி எழுதும் ஓலை. கீழ்க்கரைக் கூற்றத்து நடுவர், எப்பக்கமும் சாயாத துலாக்கோல் போன்றவர், தித்தன் பெருஞ்சாத்தனார் திருமுன் இது பிரிக்கப்படுக. உம் கூற்றத்தில் நெல்லும் நீரும் நிறைக; உம் மன்றத்தில் மெய் நிலைக்க.

நாவலூர் உழத்தி எயினி எல்லைக்கல்லைப் பெயர்த்தாள் என்று பக்கத்து நிலத்துக் கீரன் தொடுத்த வழக்கில் நீவிர் வழங்கிய தீர்ப்பு, ஒப்புதலுக்காக இங்கு வந்து சேர்ந்தது. நாட்டு முறைப்படி அவள் அக்கல்லை ஊரார் காணத் தோளில் சுமந்து பழைய இடத்தில் நட்டு, அதன்பின் நாவலூர் மண்ணை வாழ்நாளெல்லாம் மிதியாதிருக்க வேண்டுமென விதித்து, வரும் முழுநிலவு நாளை அதற்குக் குறித்திருக்கிறீர். அந்நாளுக்குள் இவ்வோலை உம்மை எட்டவேண்டும் என்றே, நம் இலாயத்தில் விரைந்தோடும் குதிரையில் தூதனை ஏற்றி அனுப்பினோம்.

உம் தீர்ப்பில் பிழை காண யான் எளிதில் துணியேன். கல் பெயர்ந்தது மெய். எயினியின் நிலம் வளர்ந்ததும், கீரன் நிலம் தேய்ந்ததும் மெய். ஆதாயம் எவருக்கோ அவரே செய்தார் என்பது உலகோர் எண்ணம். ஆயினும் உம் ஓலையின் அடியில், சான்றென்று கருதாமலே நீவிர் எழுதிவிட்ட ஒரு வரி என்னை விடவில்லை. மிகுந்து வந்த மண்ணை அவள் உழவில்லையாம். அவள் ஏர் பழைய வரப்போடு திரும்பிவிட்டதாம். திருடிய சோற்றைத் தொடாத திருடரை யான் இதுவரை கண்டதில்லை.

ஆகவே அவைக்கூடத்தில் ஒரு பெரும்பலகை இடச்செய்து, நாவலூரை அதன்மேல் சமைத்தேன். மேற்கே அரசரின் யானைமுற்றம். அதன் கிழக்கே, தென்பால் எயினி நிலமும் வடபால் கீரன் நிலமும். நம் அளவை ஏடு எந்த நிலத்தையும் வெறும் நிலமென்று எழுதுவதில்லை. இன்னின்ன மூலைக்கற்களைக் கொண்டது என்றே எழுதும். முக்கோணத் தோப்பாயின் அதற்கு மூன்று கல். வட்டக் குளமாயின் ஒரு நடுக்கல்லும் ஒரு வடத்தின் நீளமும் போதும். கல் எங்கே நிற்கிறதோ, வடிவம் அதன்படியே. கல்லுக்கு முளையும் வரப்புக்குக் கயிறுமாகக் கட்டி முடித்தபோது, மூன்று நிலத்தின் கயிறும் ஒரே முளையில் சுற்றியிருக்கக் கண்டேன். கல்லை மிச்சம் பிடித்த முன்னோர், மூன்றும் கூடும் மூலையில் பொதுவாக ஒன்றையே நட்டுப் போயிருந்தனர். யானைமுற்றத்தை வடக்கே நீட்டுவது போல அம்முளையை இழுத்தேன். முற்றம் நீண்டது. கேளாமலே எயினி நிலம் பருத்தது, கீரன் நிலம் மெலிந்தது.

அருகிருந்து பலகையைப் பார்த்த மன்னர் முதலில் நகைத்தார். சென்ற வெள்ளக்காலத்தில், ஊரார் மேட்டுநிலத்துக்குப் போயிருந்த வேளையில், தம் பட்டத்து யானை உலாவ இடம் போதவில்லையென்று அம்முற்றத்தை வடக்கே நீட்டச் சொன்னவர் தாமே என்பது பிறகுதான் அவர் நினைவுக்கு வந்தது. ஏவலர் முற்றத்தின் கல்லைத்தான் நகர்த்தினர். அதுவே பிறர் கல்லும் ஆகும் என்பது எவருக்கும் தோன்றவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுவே நடந்தது. இத்தனை நாள் அவள் ஊரில் கேட்டிருக்கக்கூடிய வசவுகளை எண்ணி என் நெஞ்சு வெந்தது.

எனவே அறிக. எயினி குற்றமற்றவள், ஓலை கண்டவுடன் அவளை விடுவிக்க. கீரனும் பொய்யன் அல்லன்; தேய்ந்த நிலத்தைத் தேய்ந்ததென்றான், பெயர்த்தவர் யாரென்பதில் மட்டுமே தவறினான். இனி நாடெங்கும் ஒவ்வொரு நிலமும் தன் மூலைக்குத் தன் கல்லையே கொள்க. மூன்று நிலம் ஓரிடத்தில் கூடினால் மூன்று கல்லை முதுகோடு முதுகு சேர்த்து நடுக. ஒரு நிலத்தை மாற்ற விழைவோர் அந்நிலத்தின் கற்களையன்றிப் பிறவற்றைத் தீண்டற்க. இத்தனை கல்லுக்கு எங்கே போவதென்று பண்டாரத்தார் முணுமுணுப்பர், முணுமுணுக்கட்டும். பலகையில் மூன்று முளை அறைந்து ஒன்றை மட்டும் இழுத்துக் காட்டினேன். மற்ற இரு நிலமும் இருந்தபடியே இருந்தன.

உம் தீர்ப்போ மாறவில்லை, பெருஞ்சாத்தனாரே. ஆள் மட்டுமே மாறினார். கல்லைப் பெயர்த்தவர் அதைச் சுமக்கவேண்டும், பின் அம்மண்ணை மிதிக்கலாகாது. மன்னர்க்கு விலக்குண்டு என்று அவையோர் வேண்டினர், கோமகனார் ஏற்றிலர். குறித்த முழுநிலவு நாளில் அவரே நாவலூர் வருவார். அவர் மீண்டும் காணவியலாத யானைமுற்றம் ஊர் மந்தைக்கு மேய்ச்சலாகுக. பட்டத்து யானையை முன்னதாகவே தலைநகருக்கு ஓட்டிவிடுக. பழைய குழி எதுவென்று எயினியே காட்டுக. இடம் சரியென்று அவள் சொல்லும்வரை, மன்னர் தோளுக்கு எவரும் கை கொடாதொழிக.

முளை பொறித்த முத்திரை ஒற்றினேன். எழுத்து அழிசியுடையது, ஆணை மாவெளியனாருடையது.