பாலத்தோடு திரும்பியவர்கள்

என் கண்ணான மரியாளுக்கு,

உன் பெயரை என் கையாலேயே எழுதிவிட்டேன். முதியோர் வகுப்பில் சேர்ந்ததும் முதலில் கேட்டுக் கற்றுக்கொண்டது அதைத்தான். ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்.

சேதி இதுதான். நம் மகள் ரோஸி நர்ஸாக இருக்கிற அயர்லாந்துக் கிராமத்துக்குப் போய்வந்தேன். உன் அடக்கத்தைப் போனில் பார்த்தவள், அதற்குப் பிறகு ஊர்ப்பக்கமே வரவில்லை. "அம்மா இல்லாத வீட்டுக்கு எதுக்குப்பா வரணும்?" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். உன் வருஷப் பூசைக்காவது கூட்டி வர வேண்டும் என்றுதான் போனேன்.

சின்ன ஊர். வீடுகளைவிட ஆடுகள் அதிகம். கூரையில்லாத பழைய கோவில், உள்ளே முழுக்கப் புல். முன்னால் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கல் சிலுவை. குருசைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்குமா? ரோஸியின் அடுப்படியிலிருந்து உப்பும் மிளகும் எடுத்துப்போய், தூத்துக்குடிக் குருசடியில் நேர்ச்சை வைப்பது போல வைத்துக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் ஓர் ஆடு உப்பை நக்கிக்கொண்டிருக்கிறது.

பின்னால் ரோஸியோடு நின்ற அவளுடைய பக்கத்து வீட்டு அம்மா இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"யப்பா, ஆட்டுக்கு மிளகு பிடிக்கலியாம். அடுத்த தடவ உப்பு மட்டும் கொண்டாரச் சொல்லுதாவ" என்று ரோஸி சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அந்த அம்மாதான் எங்களை ஊர்க்கோடிக் கல்பாலத்துக்கு அழைத்துப்போனார். முன்பு உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, கப்பலேறப் போகிறவர்களை வீட்டார் அந்தப் பாலம் வரைக்கும் வந்து விட்டுவிட்டுத் திரும்புவார்களாம். போகிறவர் இனி வரமாட்டார் என்று தெரியும். அதனால் உயிரோடு இருக்கும்போதே, துக்கவீடு போலக் கூடி உட்கார்ந்து அழுதுவிடுவார்களாம்.

அதைத் தமிழில் சொல்லிவந்த ரோஸி பாதியில் நிறுத்திவிட்டாள். தினமும் அவள் வேலைக்குப் போகிற பாலம்தான். அதன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவியளுக்குத் திரும்பி வர வழியில்லப்பா. எனக்கு இருக்குல்லா?" என்றாள்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

டிக்கெட் எடுத்துவிட்டாள், மரியா. அடுத்த வாரம் வருகிறாள். கல்லறைத் தோட்டத்துக்கு நானே கூட்டி வருவேன். வாசலில் நின்றுகொண்டு அவளை மட்டும் உன்னிடம் அனுப்புவேன். அவள் எவ்வளவு நேரம் அழுதாலும், "போதும்மா, வா" என்று கூப்பிடமாட்டேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன், ரோஸியின் அப்பா,
சூசை