கதவின் இரு பக்கமும் தண்ணீர்

மச்சாள்,

இன்று காலை ஹோலுக்குள் வந்தபோது புது ரப்பர் வாசம் மூக்கில் அடித்தது. காலி வீதி ஹாட்வெயார் கடையில் உங்கள் தம்பி வாங்கி வந்த ரப்பர் பட்டி, சுருட்டியபடியே சோபாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கீழே பம்ப் அறைக்குப் புது இரும்புக் கதவு போடுகிறோம். பழையது துருவேறி அடிப்பக்கம் தின்றுபோய்விட்டது. புதுக் கதவைச் சுற்றி இந்த ரப்பர், பக்கத்துச் சுவரில் இருக்கும் ஓட்டைக்குச் சீமெந்து என்று எங்கள் தொடர்மாடிக் கமிட்டி முடிவெடுத்திருக்கிறது. பத்து மணிக்குச் சீமெந்து பூச மேசன் பாஸ் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சிங்களத்தில் சொல்லப்போவது, வழக்கம்போல, நான்தான்.

அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் இரண்டு வருடம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. என்னைக் கட்டிய உங்கள் தம்பிக்கும் சொல்லவில்லை.

இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எங்கள் நடு அறையில் மூன்று வருடம் இருந்தீர்கள். கண்ணாடியாலும் பலகையாலும் சின்ன வாய்க்கால்கள் கட்டி, தண்ணீரை ஓடவிட்டு அளப்பது உங்கள் உத்தியோகம். நான் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டு வாய் திறக்கிறவள். உங்களுக்குத் தண்ணீர், எனக்குச் சொல். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேருக்கும் ஒத்துவராது.

ஒருநாள் தயிருக்குக் கித்துள் பாணி விட்டுக்கொண்டிருந்தேன். போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தும் பாணி வருவதாயில்லை.

"சரியான சோம்பேறிப் பாணி" என்றேன்.

"சோம்பலில்லை மச்சாள். அதுக்குள்ள ஒரு படை ஓட வெளிக்கிட, பக்கத்துப் படை பிடிச்சு இழுக்குது. தண்ணிக்குள்ளயும் அந்த இழுவை இருக்கு, குறைவு. அதாலதான் வாய்க்கால்ல நடுத் தண்ணி கெதியா ஓடும், கரைத் தண்ணி மெல்லமாப் போகும்."

"உங்கட தயிர் தண்ணியாப் போகுது. முதல்ல அதைச் சாப்பிடுங்கோ."

உங்கள் தம்பி சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். என் வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூடச் சும்மா இருக்க முடியாமல் பாடமாகிவிடுகிறதே என்று. நீங்கள் அடிக்கடி சொல்லும் ஒன்று எனக்கு அப்போது வெறும் அலட்டலாகத்தான் பட்டது: "தண்ணி எவ்வளவு இருக்குதெண்டு பார்க்காது மச்சாள். எவ்வளவு உயரத்துக்கு நிக்குதெண்டுதான் பார்க்கும்." ஒரு ஒடுங்கிய குழாயில் நிற்கும் தண்ணீரும் பெரிய குளத்துத் தண்ணீரும் ஒரே உயரமென்றால், அடியில் ஒரே அழுத்தம்தான் என்றீர்கள். நான் நம்பவில்லை. குளம் எங்கே, குழாய் எங்கே?

ஒரு மழைக்குக் கார்ப் பார்க்கின் சரிவால் தண்ணீர் இறங்கி, பம்ப் அறைக்குள் போய், மோட்டர் எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கமிட்டிச் செயலாளர் உங்கள் தம்பி. அடுத்த கிழமையே கதவைச் சுற்றி ரப்பர் அடிப்பித்தார். பழைய குழாய் ஒன்று போன இடத்தில், முழங்கால் உயரத்தில் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள் சாக்கை அடைத்து வெளியால் சீமெந்து பூசுவித்தார். இனி ஒரு சொட்டும் போகாது என்று பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

நீங்கள் ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "கதவு எந்தப் பக்கம் திறக்குது?"

"வெளியால."

"தண்ணி எந்தப் பக்கத்தால வரும்?"

"அதுவும் வெளியாலதான். ஏன்?"

"அப்ப மழைக்குக் கதவைப் பூட்டுறது நீ இல்லை. தண்ணி."

"அக்கா, நீ உன்ர விளையாட்டு வாய்க்காலோட நில்" என்றார் அவர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. விடியலில் பிடித்த மழை மத்தியானமாகியும் விடவில்லை. வெள்ளவத்தைக் கால்வாய் நிரம்பி, ஒழுங்கைக்குள் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. கட்டடம் முழுவதுக்கும் மெயின் சுவிட்ச் பம்ப் அறைக்குள்தான். அதை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று உங்கள் தம்பி கீழே போனார். தண்ணீர் உள்ளே வரக்கூடாதென்று கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாராம். மேலே மின்விசிறி நின்றது. அவர் வரவில்லை.

நாங்கள் இறங்கிப் போனபோது சரிவின் அடியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கட்டடத்துக் காவல்கார வொச்சரும் மேல் மாடிக்காரர் இரண்டு பேரும் கதவின் கைபிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்து அவர் தள்ளுவது கேட்டது. கதவு ஒரு நூல்கூட அசையவில்லை.

நீங்கள் முதலில் கேட்டது, "மெயின் ஓவ் பண்ணிட்டியாடா?"

"ஓமக்கா! கதவுதான் திறக்குதில்லை!"

"உள்ளுக்குத் தண்ணி நிக்குதா?"

"இல்லை, காய்ஞ்சுதான் கிடக்கு!"

அதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. உங்கள் முகமோ மாறியது. என் பக்கம் திரும்பினீர்கள். உங்களுக்குச் சிங்களம் வாயில் வராது.

"மச்சாள், வொச்சரிட்டச் சொல்லுங்கோ. இழுக்கிறதை விடச் சொல்லுங்கோ. சுவரில சாத்திக் கிடக்கிற அலவாங்குக் கம்பியால அந்த ஓட்டையை உடைக்கட்டும். தண்ணி உள்ளுக்குப் போகோணும்."

"உள்ளுக்கா? அவர் உள்ளுக்கு நிக்கிறார்!"

"அதாலதான். ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குத் தண்ணி நிண்டாத்தான் கதவு திறக்கும். இப்ப நிரப்பினா அவன் இடுப்பளவு தண்ணியில நிப்பான். தலைக்கு மேல வந்தாப் பிறகு நிரம்பினா நிக்க ஏலாது. கெதியாச் சொல்லுங்கோ!"

வொச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறந்தேன்.

"தவ அதின்ன!" என்றேன். இன்னும் இழுங்கள்.

இருபது வருடம் கொலைகாரர்களின் சொல்லைக்கூடப் பிசகாமல் மாற்றிச் சொன்ன வாய் அது. உங்கள் சொல்லை மட்டும் மாற்றிவிட்டது. பயமென்று சொல்லித் தப்பலாம். பயம்தான். ஆனால் அதற்கடியில் அந்தத் தயிர்க் கோப்பை எரிச்சலும் கிடந்தது. இந்த மனுசிக்கு இப்போதும் பாடமா என்று.

அவர்கள் இழுத்தார்கள். தண்ணீர் தொடைக்கு வந்தது. வொச்சர் காலைச் சுவரில் ஊன்றி இழுத்த இழுப்பில், கைபிடி கழன்று அவர் கையோடு வந்தது. அவர் தண்ணீருக்குள் விழுந்து எழும்பி, "பே நோனா, பே" என்றார். முடியாது அம்மா, முடியாது.

நீங்கள் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு சுவரில் சாத்தியிருந்த அலவாங்கை நீங்களே எடுத்தீர்கள். நான் உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்: "உங்கட சொந்தத் தம்பியைத் தண்ணியில மூழ்கடிக்கவா பார்க்கிறியள்?" நீங்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, தண்ணீருக்குள் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துக் குத்தினீர்கள். ஐந்தாவதோ ஆறாவதோ குத்தில் சீமெந்து விட்டது. சாக்கு உள்ளே போய்விழ, தண்ணீர் பேரிரைச்சலோடு அறைக்குள் பாய்ந்தது. உள்ளே அவர் "அக்கா! தண்ணி வருது!" என்று அலறினார்.

"வரட்டும்! கதவைத் தள்ளாதை. நான் சொல்லும் வரைக்கும் தள்ளாதை!"

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் சட்டென்று நின்றது. நான் உங்களைப் பார்த்தேன். "ஒண்டுமில்லை, உள்ளுக்குத் தண்ணி ஓட்டைக்கு மேல வந்திட்டுது. அதான் சத்தமில்லை" என்றீர்கள். பிறகு என் வலது கையைப் பிடித்து, தண்ணீருக்குள் கொண்டுபோய், ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தீர்கள்.

"இழுக்குதா?"

இழுத்தது. உள்ளங்கையை யாரோ சுவருக்குள் கூட்டிக்கொண்டு போவதுபோல.

"ரெண்டு பக்கத்து உயரத்துக்கும் வித்தியாசம் இருக்கும் வரைக்கும் இழுக்கும். வித்தியாசம் குறையக் குறைய மெல்லமாகும். கடைசிக் கொஞ்சம்தான் சரியா நேரமெடுக்கும். அவசரப்படக் கூடாது."

வெளியேயும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. என் இடுப்பைத் தொட்டது. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இப்ப? இழுக்குது. இப்ப? இழுக்குது, மெல்லமா. இப்ப? அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு நான் கடிகாரத்தை நம்புவதில்லை. ஒரு கட்டத்தில் என் கையைச் சுற்றித் தண்ணீர் சும்மா நின்றது.

"இல்லை" என்றேன். "இழுக்கேல்லை."

"தள்ளடா!"

கைபிடி இல்லாத அந்தக் கதவு, மூன்று பேர் இழுத்து அசையாத கதவு, ஒரு அலுமாரிக் கதவு போலத் திறந்தது. உங்கள் தம்பி இடுப்புக்கு மேல் நனைந்து வெளியே வந்தார்.

அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்தபோது, ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கதவைக் கீறிக் காட்டினீர்கள். ஆழம் கூடக் கூடத் தண்ணீர் தள்ளும் அழுத்தமும் கூடுகிறது, அது தள்ளும் பரப்பும் கூடுகிறது. அதனால் தண்ணீர் இரண்டு மடங்கு உயர்ந்தால் கதவின் மேல் பலம் நாலு மடங்கு. நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கும் தொடைக்கும் இடையில், என் இரண்டு சொல்லால் போன நேரத்தில், கதவு எவ்வளவு பாரமாகியிருக்கும் என்று. அவர் உங்கள் தோளில் தட்டி, "அக்கா இல்லையெண்டா நான் முடிஞ்சன்" என்றார். நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

பிறகு ஒருநாள், ஆஸ்பத்திரியில் உங்கள் இருதயக் குழாய் ஒடுங்கியிருக்கும் படத்தைக் காட்டிவிட்டு டொக்டர் போன பிறகும் நீங்கள் சும்மா இருக்கவில்லை. "குழாயின்ர அகலம் பாதியானா ஓட்டமும் பாதி எண்டு நினைக்கினம். அதே அழுத்தத்தில பதினாறில ஒண்டுதான் போகும். என்ர நெஞ்சு பாவம், எவ்வளவு தள்ளியிருக்கும்" என்றீர்கள். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சாள், அதின்ன எண்டால் இழுக்கிறதுதானே?"

தோல் என் கையிலேயே நின்றது.

"வேலையில என்னோட நிக்கிற ஆக்கள் எல்லாரும் சிங்களம். எனக்கு வாயிலதான் வராது. காதில விழும்."

"ஏன் அண்டைக்கே கேக்கேல்லை?"

"கேட்டு என்ன? ஆள் வெளியில வந்திட்டான்." ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டீர்கள். "ஆனா அவனுக்கு நான் சொல்லமாட்டன். அது உங்கட சொல்லு. நீங்கள்தான் சொல்லோணும்."

நான் "ஓம்" என்றேன். அடுத்த நாள் உங்களைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் திரும்பி வரவில்லை.

கீழே பெல் அடிக்கிறது. பாஸ் வந்துவிட்டார் போல. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

*

மச்சாள், இப்போது மூன்று மணி.

பாஸ் சீமெந்தைக் குழைத்து வைத்துக்கொண்டு நின்றார். உங்கள் தம்பி ரப்பர் சுருளோடு நின்றார். "ஓட்டையை நல்லா இறுக்கி அடைக்கச் சொல்லு" என்றார் என்னிடம். நீங்கள் உடைத்த ஓட்டை, விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாக, அப்படியே இருக்கிறது. இத்தனை காலமும் யாரும் அதை அடைக்கவில்லை. நானும் அதன் பக்கத்தில் நின்றதில்லை.

நான் பாஸைப் பார்த்தேன். "ஹில வஹன்ன எப்பா" என்றேன். ஓட்டையை மூட வேண்டாம். "வத்துர எத்துளட்ட என்ன அரின்ன." தண்ணீரை உள்ளே வரவிடுங்கள்.

உங்கள் தம்பிக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும். "என்ன சொல்லுறாய்? மோட்டர் எரியும்."

"மோட்டரை மேல உயர்த்தி வைப்பம். மெயினை மேல் மாடிக்குக் கொண்டுபோவம். ஓட்டை இருக்கட்டும்."

அவர் ஓட்டையைப் பார்த்தார். "இதைத்தானே அண்டைக்கு அக்காவும் சொன்னவ?"

"ஓம்."

"நீ வொச்சரிட்டச் சொன்ன பிறகும் அவன் ஏன் இழுத்துக்கொண்டே நிண்டவன்? நீ சொன்னது மழைச் சத்தத்தில கேக்கேல்லை, உள்ளுக்கிருந்து யோசிச்சனான். பிறகு கேக்க மறந்திட்டன்."

பாஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சட்டியில் சீமெந்து இறுகிக்கொண்டிருந்தது.

"நான் அக்கா சொன்னதைச் சொல்லேல்லை. இன்னும் இழுக்கச் சொன்னனான். ஓட்டையை உடைச்சது அக்கா. நான் மாத்திச் சொன்னது அவவுக்கும் தெரியும்."

அவர் ரப்பர் சுருளின் நுனியை விரலால் நீவிக்கொண்டிருந்தார். நான் என் வலது கையைச் சுவரில், ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. காய்ந்த சுவர். ஆனாலும் உள்ளங்கை இழுபட்டது. இரண்டு பக்கமும் ஒரே உயரமாக நேரமெடுக்கும், கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் கூட நேரமெடுக்கும், அவசரப்படக் கூடாது. நான் நின்றேன்.

அவர் ரப்பர் சுருளைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாஸுக்குத் திருப்பிச் சொல்லு" என்றார். "அக்கா சொன்னதை. வடிவா விளங்கட்டும்."

நான் திருப்பிச் சொன்னேன், மச்சாள். கூட்டாமல், குறைக்காமல்.