லிஃப்டில் வந்த ரத்தம்

மார்ச் 3, செவ்வாய்

செய்திக்குறிப்பு நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. "புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவக்கூடும்" என்று எழுதியிருந்தேன். இயக்குநர் "உதவக்கூடும்" என்பதை அடித்துவிட்டு "கண்டறிகிறது" என்று மேலே எழுதியிருக்கிறார். "கூடும் கூடும்னா யார் சார் நிதி தருவாங்க?" முப்பது வருஷம் நிருபராக இருந்துவிட்டு ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் செய்தித் தொடர்பாளராக வந்தால் இதெல்லாம்தான்.

எனக்குப் புரிந்த வரையில் விஷயம் இது. உயிரணுவில் மரபுக் குறிப்புகளிலிருந்து நகல் உருவாகிறது, அது ஆர்.என்.ஏ. சில நகல்களைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. பெரும்பாலானவற்றுக்கு அந்த வேலை இல்லை. குப்பை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இப்போது தெரிகிறது, எந்தப் புரதம் தயாராகலாம், எது கூடாது என்பதில் அவற்றில் சிலவற்றுக்குப் பெரிய கை உண்டு என்று. எங்கள் பத்திரிகையிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். ஒரு வரி எழுத மாட்டார்கள். எது அச்சேறக் கூடாது என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

அந்த வகையில் ஒரு துண்டு ஆர்.என்.ஏ.வுக்குத்தான் இங்கே ராஜ உபசாரம். ஆய்வகத்தில் அதற்குச் செல்லப்பெயர் "சின்னவன்". உயிரணு கண்டபடி பெருகாமல் தடுக்கிற புரதத்தின் நகலை அவன் பிடித்து அழித்துவிடுகிறான். தடுப்பு போனதும் அணு இரண்டாகி, நான்காகி, கட்டியாகிறது. சின்னவனை ரத்தத்தில் எண்ணிவிட்டால் நோயை முதலிலேயே பிடிக்கலாம் என்பது இயக்குநரின் கண்டுபிடிப்பு. அறிக்கையில் பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால் மருத்துவமனைக்கு.

மார்ச் 5, வியாழன்

டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்களின் சங்கத்தில் எங்கள் இலவச முகாம் நடந்ததே, முடிவு வந்துவிட்டது. நாற்பது பேரில் முப்பத்தொரு பேருக்குச் சிவப்பு. யாராவது பதறுவார்கள் என்று பார்த்தேன். இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பாத்தீங்களா? நோய் எவ்வளவு பரவியிருக்கு! நம்ம டெஸ்ட் இல்லன்னா தெரிஞ்சிருக்குமா?"

முப்பத்தொரு பேரில் ஒருத்தி என் தங்கச்சி, அவளும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். முகாமுக்குப் போ போ என்று அனுப்பியவன் நான்.

மார்ச் 11, புதன்

தங்கச்சிக்கு மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஸ்கேனில்தான் தெரிந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதில் புற்று இல்லை. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அறுவை நிபுணர் எங்கள் சிவப்பு அறிக்கையைத் தூக்கிக் காட்டுகிறார். "ஊசி படாத இடத்துல இருக்கலாம்மா. ரத்தம் சொல்லுதே. மார்பை எடுத்துட்டா நிம்மதி." 27ஆம் தேதி குறித்தாயிற்று.

வண்டியில் வரும்போது சின்னவன் என்ன செய்வான் என்று கேட்டாள். சொன்னேன்.

"அதாவது பிரேக் வயரை அறுக்கிறவன்."

"ஆமா."

"என்கிட்ட கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கின பாதிப் பேர் அந்த ஆளுதாண்ணே."

சிரித்தாள். வீடு வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மார்ச் 14, சனி

தூக்கமில்லை. பழைய புத்தி – யார், எங்கே, எப்படி? நோய் உள்ளவர் ரத்தத்தையும் இல்லாதவர் ரத்தத்தையும் ஒப்பிட்டுத்தான் இந்தச் சோதனையை உருவாக்கினார்கள். நோயில்லாத அந்த மனிதர்கள் யார்? இத்தனை குறிப்பு எழுதினேனே, இதை ஏன் கேட்கவில்லை?

மார்ச் 16, திங்கள்

பிப்பெட்டிடம் கேட்டேன். சோதனையைக் கையால் செய்கிற ஆய்வாளர் அவர்தான். மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிப்பெட், அதாவது திரவத்தை உறிஞ்சி அளக்கிற குழல், இருக்கும், அதனால் அந்தப் பெயர். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

"நல்லா இருக்கிறவங்க ரத்தம் எங்கேருந்தும்மா?"

"நம்மகிட்டருந்துதான் சார். அக்கவுண்ட்ஸ், செக்யூரிட்டி, கேன்டீன். கீழ எடுத்து லிஃப்ட்ல மேல கொண்டு வருவோம்."

"நோயாளிங்களோடது?"

"ஊருக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிலருந்து. ஸ்கூட்டர்ல."

"முகாம் ரத்தம்?"

"அதுவும் ஸ்கூட்டர்லதான் சார்." குளிர்பெட்டியைத் திறந்து இரண்டு குழாய்களைக் காட்டினார். சிவப்பணுக்கள் அடியில் படிந்த பிறகு மேலே நிற்கிற பிளாஸ்மா, லிஃப்டில் வந்ததில் வெளிர்மஞ்சளாகவும் ஸ்கூட்டரில் வந்ததில் இளஞ்சிவப்பாகவும் இருந்தது. குலுங்கினால் சிவப்பணு உடையும் என்றார். சிவப்பணுவுக்குள்ளும் சின்னவன் நிறையவே உண்டாம். நல்ல மனிதருக்கும்தான். உடைந்தால் வெளியே கொட்டிவிடுவான்.

"அப்போ சின்னவன் கதையே பொய்யா?"

"இல்ல சார். கட்டிக்குள்ள அவன் பண்ற அநியாயம் நிஜம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ரத்தத்துல நாம பிடிச்சது கட்டிலருந்து வந்தவனையா, குலுக்கல்ல கொட்டினவனையான்னு தெரியாது."

"இயக்குநர்கிட்ட சொன்னீங்களா?"

"போன வருஷமே. 'கலர் எல்லாம் டேட்டா ஆகாது'ன்னுட்டாரு."

மார்ச் 17, செவ்வாய்

ரத்தம் கொண்டுவருகிறவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். மேம்பாலம் கட்டுகிறேன் என்று சாலையை ஆறு மாதமாகப் பிளந்து போட்டிருக்கிறார்கள். என் இடுப்பே இரண்டானது. பெட்டிக்குள் இருந்தவற்றின் கதி என்னவோ.

திரும்பி வந்ததும் என் கையிலிருந்து இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார் பிப்பெட். ஒன்று லிஃப்டில் போனது. மற்றது ஸ்கூட்டரில் ஒரு சுற்று.

மார்ச் 18, புதன்

லிஃப்டில் போனது பச்சை. ஸ்கூட்டரில் போனது சிவப்பு. ஒரே கை, ஒரே ஊசி. மேம்பாலம் கட்டி முடித்தால் ஊரில் பாதிப் புற்றுநோய் குணமாகிவிடும்.

மார்ச் 19, வியாழன்

இயக்குநர் முன்னால் இரண்டு அறிக்கைகளையும் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு ஆளு ரத்தத்தை வச்சு அறிவியல் பேச முடியாது சார்." பிறகு உண்மையான கவலையோடு, "எதுக்கும் நீங்க ஒரு ஸ்கேன் எடுத்துக்குங்களேன்" என்றார்.

அறுவை நிபுணருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "உங்க நிலையம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட். அது செல்லாதுன்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா ஒதுக்கிடறேன். நீங்க சொன்னா எப்படிங்க?"

சரிதானே. நானும் முப்பது வருஷம் அதே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டேன்.

தங்கச்சியிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. "டெஸ்ட் தப்புன்னா நல்லதுதான். தப்பில்லன்னா? நீ டாக்டராண்ணே?" இல்லை. நான் டாக்டர் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

அவள் கண்ணாடி முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் முடி வாருகிற மாதிரி சீப்பை எடுத்தாள். சீ, என்ன வேலை பார்த்து வச்சிருக்கேன் நான்.

மார்ச் 21, சனி

ஒரு யோசனை. யோக்கியமானதுதானா என்று தெரியவில்லை. இயக்குநரிடம் போனேன்: "திங்கள்கிழமை டவுன் ஹால் முகாம்ல முதல் ரத்தம் உங்களோடதா இருந்தா முதல் பக்கத்துல போட்டோ வரும் சார்."

"எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 23, திங்கள்

இடது கை. போட்டோவில் வலது பக்க முகம்தான் நன்றாக விழுமாம். குழாய் மற்ற குழாய்களோடு பெட்டியில் ஏறியது. ஸ்கூட்டர் கிளம்பியது.

மார்ச் 24, செவ்வாய்

சிவப்பு.

நானும் பிப்பெட்டும் சேர்ந்துதான் இயக்குநரிடம் போனோம். தாளை வாங்கியவர் உட்கார்ந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மறுபடி உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குக்கூடப் பாவமாகிவிட்டது.

"மறுபடி எடும்மா" என்றார். சட்டைக் கையை அவரே மடித்தார். "இங்கயே எடு. கையோட… லிஃப்ட்ல கொண்டு போ."

பிப்பெட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பச்சை வந்தது. மூச்சு விட்டார், தண்ணீர் குடித்தார், சிரிக்கக்கூடச் செய்தார். "பாத்தீங்களா, முதல்ல வந்தது ஏதோ கோளாறு."

"ஆமா சார்," என்றார் பிப்பெட். "மத்த முப்பத்தொரு பேரையும் லிஃப்ட்ல ஏத்திடலாமா?"

சோதனை சரி என்றால் அவருக்குப் புற்றுநோய். அவருக்கு ஒன்றுமில்லை என்றால் சோதனை தப்பு. இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில், "சோதனையில தப்பில்ல. சாலையிலதான்" என்றார்.

"அப்படியே எழுதிக்கலாம் சார்," என்றேன். "எப்படி எழுதினாலும் கையெழுத்து உங்களோடது."

மார்ச் 25, புதன்

"மாதிரிகளின் போக்குவரத்துத் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு, சாலை வழியே பெறப்பட்ட ரத்தத்தின் முடிவுகள் திரும்பப் பெறப்படுகின்றன." மன்னிப்பு என்ற சொல்லை இயக்குநர் அடித்துவிட்டார். விட்டுவிட்டேன். கடிதத்தை நானே அறுவை நிபுணரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். 27ஆம் தேதியை அடித்தார். "ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன். வளரலன்னா கத்தியே வேணாம்."

பிப்பெட் போனில் எச்சரித்தார்: "டெஸ்ட் தப்புங்கிறதால கட்டி நல்லதுன்னு ஆயிடாது சார். ஸ்கேனை விட்டுடாதீங்க."

மார்ச் 27, வெள்ளி

தங்கச்சி காலையிலேயே வகுப்பெடுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 9, செவ்வாய்

என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இயக்குநருக்குப் புது நிதி வந்திருக்கிறது – பயணத்தில் ரத்தம் எவ்வளவு குலுங்கியது என்று அளப்பதற்கு. சின்னவனைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். அந்த வேலைக்கு அவன் அபாரம் என்கிறார் பிப்பெட். அவருக்குப் பதவி உயர்வு.

செப்டம்பர் 15, செவ்வாய்

ஸ்கேன் அறையிலிருந்து தங்கச்சி வர வெகுநேரம் ஆனது. கட்டி அப்படியே இருக்கிறது, ஒரு நூல்கூட வளரவில்லை, இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார்களாம். செய்தி வாசிப்பது போலச் சொன்னாள். வெளியே வந்து சாவியை என் பக்கம் நீட்டினாள்.

"நீ ஓட்டுண்ணே. இன்னிக்கு என்னால ஆகாது."

ஓட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். நான் பார்க்கவில்லை. இரண்டாவது சிக்னல் தாண்டியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கிளட்சுல இருந்து காலை எடு, என்ன கால் வைக்கிற ஸ்டாண்டா அது?" என்றாள்.