டீ தீரும்வரை

பிளாஸ்க்கின் அடியில் இஞ்சி டீ இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அந்த வாசம் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். உன்மேல் கோபமாகவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ நரிக்குடிப் பக்கம் தலைமை ஆசிரியர், நான் திருச்சுழிப் பக்கம். சி.எல். போட்டுவிட்டு நீ என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவாய். இன்னொரு நாள் நான் லீவு போட்டு உன் வகுப்பில். லீவு எடுத்து இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போகிற கிறுக்கர்கள் என்று நம்மைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. பிள்ளைகள் முன்னால் நாம் 'சார்'. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்துவிட்டால் 'ஏலே'. அங்கேதான் பார்த்தவன் குறையைச் சொல்ல வேண்டும். கேட்கிறவன் டம்ளர் காலியாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அது நீ போட்ட சட்டம்.

"சூடா இருக்கும்போது பேசுனா சண்டைதாம்லே வரும். குடி மொதல்ல" என்பாய். பதில் சொல்லும் ஆத்திரத்தில் ஒரே மடக்காகக் குடித்து நான் நாக்கைச் சுட்டுக்கொண்டபோது விழுந்து விழுந்து சிரித்தாய். போர்டை மறைத்துக்கொண்டு நிற்பது, பிள்ளைகள் யோசிப்பதற்குள் நானே விடையைச் சொல்வது, எல்லாம் நீ சொல்லித்தான் விட்டேன்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அதன்பிறகு என் வகுப்பில் உட்கார ஆளில்லை. நான் மட்டும் மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்தேன், குறை சொன்னேன். அவர்களுக்கு ஒரு டீகூட வாங்கித் தரவில்லை.

போன வாரம், அடுத்த வருடத்துக்கான மேம்பாட்டுத் திட்டம் பேச எல்லாரும் கூடினோம். 'பெண் பிள்ளைகள் கூச்சத்தால் கணக்கில் பின்தங்குகிறார்கள்' என்று நான் எழுதியதை வாசித்தேன். டீக்கடையில் நாம் முடிவு கட்டிய விஷயம்தான். "நம்ம பக்கத்துப் பொம்பளப் பிள்ளைக கூச்சப்படும்லே, என்ன செய்ய?" என்று நீ சொல்ல, நான் தலையாட்டியிருக்கிறேன்.

பாத்திமா டீச்சர் எழுந்து நின்றார். எங்கள் நாலாம் வகுப்பு டீச்சர். என்னைவிட மூத்தவர், அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்.

"எங்க கிளாஸ்ல எல்லாம் வந்து உக்கார்றீங்க. உங்க கிளாஸ்ல யாரு சார் உக்கார்றது? இந்தத் தடவை நான் மாறுதலுக்கு எழுதிக் குடுக்கப் போறேன்."

அவர் போனால் இந்த வானம் பார்த்த ஊருக்கு இன்னொருவர் லேசில் வரமாட்டார். ஒன்றும் வாசிக்கத் தெரியாமல் வருகிற பிள்ளையையும் வாசிக்க வைத்து அனுப்புகிறவர் அவர். எனக்கு அந்தக் கை வராது. "நீங்களே வந்து உக்காருங்க டீச்சர்" என்றேன்.

இன்று வந்தார். என் ஐந்தாம் வகுப்பில், உன் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னக் கணக்கு. உன் முகத்தைப் பார்த்தால் பாடம் எப்படிப் போகிறதென்று ஓரளவு பிடிபடும். டீச்சர் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. ஆனாலும் பாடம் நன்றாகத்தான் போனது என்று நினைத்தேன்.

பள்ளி விட்டதும் இரண்டு டம்ளரில் டீயை ஊற்றி உன் சட்டத்தைச் சொன்னேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"பாண்டிச்செல்வி ரெண்டு தடவ கை தூக்குச்சு சார். நீங்க பாக்கல. அப்புறம் அது தூக்கவே இல்ல. போர்டுக்கு வந்தது பூராம் பயலுக. கூச்சமெல்லாம் ஒண்ணுமில்ல. கூப்பிட்டாத்தான வரும்?"

முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. இல்லவே இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. டம்ளரில் டீ பாதிக்கு மேல் இருந்தது. குடித்தேன். அப்புறம் கோபம் உன்மேல் திரும்பியது. அத்தனை தடவை வந்து உட்கார்ந்தாயே, இதை மட்டும் ஏன்லே சொல்லவில்லை?

உன் வகுப்பை நினைத்துப் பார்த்தேன். அங்கேயும் போர்டில் எழுத உன்னிடம் சாக்பீஸ் வாங்க எழுந்து வந்தவர்கள் பையன்கள்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. டீ தீர்ந்துவிட்டது.

"கூச்சம்னு எழுதுனத அடிச்சிருவோம் டீச்சர். அங்க என்ன எழுதட்டும்?"

"சார் கூப்பிடுறதில்லன்னு எழுதுங்க."

எழுதினேன். மாறுதலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார். "நாளைக்கும் வாரேன் சார். பாண்டிச்செல்விய கூப்பிடுறீங்களான்னு பாக்கணும்."

உன் பெஞ்சை அவருக்குக் கொடுத்துவிட்டேன். உன் சட்டத்தை நான் வைத்துக்கொண்டேன். மிச்சமிருந்த டீயை இப்போது ஒரு டம்ளரில் ஊற்றி, மேசையின் அந்தப் பக்கம், நீ உட்காருகிற இடத்தில் வைத்திருக்கிறேன். உன் வகுப்பைப் பற்றி நான் சொல்லாமல் விட்டதை இன்றைக்குச் சொல்லிவிட்டேன். எதிர்த்துப் பேசாதே. குடி மொதல்ல.