கடைச்சீட்டு உரிக்காத கண்ணாடி

தெத்துவான், மொரோக்கோ,
நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வெள்ளி

மகன் ஸுஹைருக்கு உம்மா எழுதுவது. இறைவன் கிருபையால் வாப்பாவும் நானும் உன் தங்கையும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை, விசாரித்தால் நல்லா இருக்கேன் உம்மா என்று பொய்தான் சொல்வாய். போனிலேயே திட்டலாமே, தாளும் பேனாவும் எதுக்கு என்கிறார் வாப்பா. போனில் பேசினால் நீ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டுவாய். இதையாவது ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் படி.

நிச்சயத்துக்கென்று வந்தாய். நம் வழக்கப்படி நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பும் பேரீச்சம்பழமும் பாலும் சுமந்துகொண்டு, உனக்குப் பேசின நுஹைலா வீட்டுக்குப் போனோம். எல்லாரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதும்போது நீ ஒருத்தன்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாய், சிவந்து நீர் வழிய. பிரஸ்ஸல்ஸில் பகலெல்லாம் திரையில் கட்டட வரைபடம், ராத்திரியெல்லாம் அதிலேயே விளையாட்டு, விமானத்திலும் அந்த மடிக்கணினியை மூடவில்லை, பிறகு கண் எப்படி இருக்கும்? அவள் தாய்மாமன் தாமி ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டார். நீ பிரஸ்ஸல்ஸுக்குத் திரும்பியதும் டீக்கடையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கஞ்சா குடிக்கிறான், நம்ம மலையில விளையுறது பத்தாம பெல்ஜியத்துலயும் தேடிப் புடிக்கிறான் என்று கடைவீதி முழுக்கப் பரப்பிவிட்டார் அந்த வாயாடி மனுஷர்.

சும்மா விடுவேனா நான்? உன் மேசை இழுப்பறையில் கண்ணாடிக் கூடு கிடந்தது. போன கோடையில் நானே உன்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் வாங்கிய கண்ணாடி. தினமும் போடுறேன் உம்மா, இப்ப எரிச்சலே இல்லை என்று சொல்லியிருந்தாயே, இந்தத் தடவை அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பாய் என்று நம்பினேன். கூட்டோடு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். திரையைப் பார்த்துப் பார்த்துக் கெட்ட கண்ணு, கண்ணாடி போட்டு உழைக்கிற பிள்ளையையா கஞ்சாக்காரன்னு சொல்றீங்க என்று கேட்டு, அத்தனை பேர் முன்னால் கூட்டைத் திறந்தேன். வில்லையில் கடைக்காரரின் சீட்டு ஒட்டினபடியே இருந்தது. தாமி ஹாஜியார் அதை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, சம்பந்தியம்மா, இது இன்னும் ஒரு மூக்கையும் பாக்கலியே என்றார். வீடே சிரித்தது. நான் புதினாத் தேநீரைக் குடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டேன். என் மானத்தை இப்படி வாங்கியிருக்கிறாய்.

நுஹைலா சிரிக்கவில்லை. கண்ணாடியை மாமன் கையிலிருந்து வாங்கி, நகத்தால் மெல்ல அந்தச் சீட்டை உரித்தாள். அவளும் வங்கியில் நாளெல்லாம் திரைக்கு முன்னால் உட்காருகிறவள்தானே. மாமா, இது கஞ்சாக் கண்ணு இல்ல, எனக்கும் சாயங்காலமானா இப்படித்தான் எரியும் என்று அவர் வாயை அடைத்தாள். நான் நிம்மதியாக மூச்சுவிடுவதற்குள் என் பக்கம் திரும்பி, ஆனா மாமி, கண்ணு எரியறத உங்ககிட்டயே மறைக்கிறவரு நாளைக்கு எங்கிட்ட எதத்தான் சொல்லுவாரு என்றாள். இனி வீடியோவில் முகம் காட்ட மாட்டாளாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இதப் போட்டுக்கிட்டு நேர்ல வரட்டும், கண்ணு தெளிஞ்சிருந்தா கல்யாணத் தேதி பேசலாம், இல்லாட்டி சர்க்கரைக் கூம்பத் திருப்பி எடுத்துட்டுப் போங்க என்றாள்.

கண்ணாடியை மாட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதே. மீன் மாதிரி இமைக்காமல் முறைக்கிறாய், சிமிட்டித் தொலை. திரையைக் கண்ணுக்குச் சற்றுக் கீழே வை, எழுத்தைப் பெரிதாக்கு, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் கூசாமல் திருப்பி வை. அடிக்கடி தலையைத் தூக்கித் தூரத்தில் பார், அந்த ஊரில் மழை தவிர ஒன்றுமில்லை என்றால் மழையைப் பார். ஹீட்டர் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது, எரிந்தால் கசக்கக் கூடாது, டாக்டர் எழுதிய சொட்டு மருந்தை விடு. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் போனை நோண்டாதே. இத்தனைக்கும் அடங்காவிட்டால் அங்கே ஒரு கண் டாக்டரைப் போய்ப் பார், போகாமலே போனேன் என்று மட்டும் சொல்லாதே.

கண்ணாடியை, பிரஸ்ஸல்ஸுக்கு வருகிற உன் மச்சான் கையில் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். நுஹைலா உரித்த சீட்டைக் கீழே ஒட்டியிருக்கிறேன். அல்லாஹ் உனக்கு நல்ல பார்வையும் அதைக் காப்பாற்றிக்கொள்ளும் புத்தியும் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே, நாம் கொடுத்த சர்க்கரைக் கூம்பை அவர்கள் இன்னும் உடைக்கவில்லை, கூடத்து அலமாரி மேல் நீலத்தாள் பிரிக்காமல் இருக்கிறது. அதை நான் கடைவீதி வழியாகத் திரும்பச் சுமந்து வரும்படி செய்தாயானால், நீ அந்த ஊரிலேயே இருந்துகொள்.

கோபம் தீராத,
உன் உம்மா ஸாதியா