சத்து மாத்திரை டப்பா

அன்புள்ள சந்திரமதிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவின் கால்வலி குறைந்ததா? போனில் பேசினால் வீடே கேட்கும் என்பதால் இதைத் தாளில் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

ஜூரோங்கில் எங்களை உள்ளே வைத்தே விடுதியை மூடி மூன்று வாரமாகிறது. சாப்பாடு வாசலுக்கே வருகிறது. சிங்கப்பூரில் நம்மாட்கள் கூடும் தேக்கா கடைத்தெருவுக்குப் போகாத ஞாயிறுதான் நீளமாக இருக்கிறது.

என் கீழ்க்கட்டில் இஸ்மாயில் பாய்க்குக் கொரோனா. அறையில் இன்னும் நாலு பேருக்கு வந்து, இருமலோடு போய்விட்டது. பாய்க்கு மட்டும் மூச்சு முட்டியது. அவருக்குச் சர்க்கரை உண்டு. கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று, ஆறு வருடமாக அந்த மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வேறு நோய் உண்டா என்று கேட்டார்கள். "ஒரு நோயும் இல்ல சார்" என்றார். பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. இப்போது ஐசியூவில் இருக்கிறார். ரத்தம் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்களாம். டப்பா இன்னும் அவர் கட்டிலில் கிடக்கிறது.

இன்று காலை எனக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். பயப்படாதே, லேசான காய்ச்சல்தான். "அண்ணே, பிரஷர், சுகர் ஏதும் இருக்கா?" என்று தமிழ் நர்ஸ் ஒருவர் கேட்டார். பாயை நினைத்துக்கொண்டே, "இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ரிசல்ட் வந்தால் மறுபடி கேட்பார்கள். என் பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் எழுதிய சீட்டு பீரோவில் இருக்கிறது. உடனே படமெடுத்து அனுப்பு. வாயால் சொல்ல வரவில்லை, அதைக் காட்டிவிடுகிறேன்.

பெயர் கூப்பிடுகிறார்கள்.

உன்
சுரேந்தர்